டாஷ்போர்டில் படிந்த சீசன்

குற்றாலத்தில் சீசன் நடக்கிற ஆனி, ஆடி மாதங்களில் எந்த வாடகைக் காரின் கதவைத் திறந்தாலும் முதலில் மூக்கில் ஏறுவது எண்ணெய் வாடைதான். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றவர்கள் துவட்டியும் துவட்டாமலும் வந்து ஏறுவார்கள். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று தடை வந்த பிறகும் அந்த வாடை முழுக்கப் போய்விடவில்லை. சீட்டில் ஊறியது கண்ணுக்குத் தெரியும். உறையைக் கழற்றித் துவைத்துவிடலாம். கதவின் உள்பக்கம், கண்ணாடி சுற்றுகிற கைப்பிடி, தலைக்கு மேலே இருக்கும் பிடி, பெல்ட் மாட்டுகிற கொக்கியைச் சுற்றிய இடம், டாஷ்போர்டின் விளிம்பு இங்கெல்லாம் படிந்தது உடனே தெரியாது. நாலைந்து நாள் வெயில் பட்டதும் அது பிசினாக இறுகும். மேலே புழுதியை வாங்கிக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு படலம் கட்டும். எங்கள் மாமாவுக்கு அந்தப் படலத்தைக் கண்டால் ஆகாது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சுந்தரபாண்டியபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. முதலில் ஒரு அம்பாசிடர், பிறகு ஒரு இண்டிகா, இரண்டையும் வாடகைக்கு ஓட்டினார். சீசனில் குற்றாலம், கார்த்திகை பிறந்தால் சபரிமலை, மற்ற நாட்களில் கல்யாணம், ஆஸ்பத்திரி, சாயங்காலம் தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டியவர்கள். ராத்திரி எத்தனை மணிக்கு வந்து படுத்தாலும், விடிந்ததும் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி நாலு கதவையும் திறந்து வைத்துவிடுவார். "ஏட்டி, அந்தப் பிரஷ எடுத்துட்டு வா" என்று மதிலுக்கு மேலே குரல் வரும். வெளியே கழுவுவது மாமா பையன்களின் வேலை. உள்ளே துடைப்பது என் வேலை. ஏ.சி. வென்ட்டின் தகடுகளுக்கு நடுவே என் விரல்தான் நுழையும் என்று அவர் காரணம் சொல்வார். பையன்கள் பொறுமையில்லாமல் அழுத்தித் தேய்ப்பார்கள் என்பதும் ஒரு காரணம். அதை அவர் சொன்னதில்லை, பார்த்தாலே தெரிந்தது.

காருக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கை எப்படித் துடைக்க வேண்டும், எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று நான் கற்றது அந்த வேப்பமரத்தடியில். பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும் உண்டு. படித்ததில் முக்கால்வாசி, மாமா சொன்னதற்குக் காரணம் சொன்னது.

எங்கள் ஊரைப் பலர் சினிமாவில் பார்த்திருப்பார்கள். 1992இல் வந்த 'ரோஜா'வில் கதாநாயகியின் ஊர் இதுதான். 2005இல் வந்த 'அந்நியன்' படத்துக்காக ஓவியம் தீட்டிய பாறைக்கு இன்றும் அந்நியன் பாறை என்றுதான் பெயர். தென்காசிக்குக் கிழக்கே சுமார் பத்து கிலோமீட்டர். மேற்கே நிமிர்ந்தால் மலை முழுதாகத் தெரியும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று ஆனியில் பிடித்தால் புரட்டாசி வரை விடாது. சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். ஆடியில் சூரியகாந்தி பூத்துவிட்டால் கேரளத்துக் கார்கள் வயலோரம் வரிசையாக நிற்கும். அங்கே குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருக்கும். இங்கே வெயிலும் காற்றும் செம்மண் புழுதியும். காலையில் அருவி, மத்தியானம் பூ என்று சுற்றுகிற ஒரு காருக்குள் ஈரம், எண்ணெய், புழுதி, வெயில் நாலும் ஒரே நாளில் ஏறிவிடும். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான ஊர் இருக்குமா என்று தெரியவில்லை.

"புழுதி மேல துணி போடாத" என்பது மாமாவின் முதல் விதி. செம்மண் புழுதியில் கலந்திருப்பது குவார்ட்ஸ் மணல் துகள், கண்ணாடியையே கீறக்கூடியது. அதற்கு முன்னால் டாஷ்போர்டு பிளாஸ்டிக் எம்மாத்திரம்? காய்ந்த துணியால் ஓர் இழுப்பு இழுத்தாலே மெல்லிய வெள்ளைக் கோடுகள் விழுந்துவிடும். அப்போது தெரியாது, சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். பிறகு எந்தப் பாலீஷ் போட்டாலும் அவை போவதில்லை.

அதனால் முதலில் பிரஷ். பெயின்ட் அடிக்கிற ஒன்றரை இஞ்ச் பிரஷ், பெயின்ட்டைத் தொடாத புதுசு. அதன் முடியைப் பிடித்திருக்கும் தகரப் பட்டையின் மேல் மாமா பழைய சைக்கிள் ட்யூப்பிலிருந்து நறுக்கிய ஒரு வளையத்தை மாட்டியிருப்பார். தகரம் பிளாஸ்டிக்கில் இடித்துக் கோடு போடக் கூடாது. காற்று வருகிற பக்கத்துக் கதவையும் எதிர்க் கதவையும் திறந்துவைத்து, மேலிருந்து கீழாக, டாஷ்போர்டு, வென்ட், கியர் பக்கம், கதவு என்று தள்ளிக்கொண்டே வர வேண்டும். கிளம்புகிற புழுதியைக் காற்றே வாங்கிக்கொண்டு போய்விடும். இன்றைக்கு வேக்குவம் கிளீனர் இருக்கிறது. அதன் வாயைப் பிரஷுக்குப் பக்கத்தில் பிடித்தால் போதும். ஆனாலும் ஆடிக் காற்று செய்த அளவுக்கு அது சுத்தமாகச் செய்கிறது என்று என்னால் சொல்ல முடியாது.

பிறகுதான் தண்ணீர். எங்கள் வீட்டு போர்த் தண்ணீர் கொஞ்சம் உப்பு. அதில் துடைத்தால் காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். குடிக்கப் பிடித்து வைத்ததில் ஒரு செம்பு எடுத்து, இளஞ்சூடாக்கி, பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பில் சில சொட்டு விட்டு, கையால் அடித்து நுரை எழுப்புவோம். வேலைக்கு வேண்டியது நுரை மட்டும். தண்ணீரை அப்படியே ஊற்றினால் சுவிட்சுக்குள் இறங்கிவிடும். பழைய டூத் பிரஷில் நுரையை அள்ளி, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடமாக எடுத்துக்கொண்டு, வட்டமாக, அழுத்தாமல் ஓட்ட வேண்டும். கார் பிளாஸ்டிக்கின் மேல்பரப்பைக் கிட்டத்தில் பார்த்தால் வழவழப்பாக இருக்காது; மாட்டுத்தோலின் வரிகளைப் பார்த்து அச்சில் வார்த்திருப்பார்கள். அழுக்கு உட்காருவது அந்த வரிகளின் பள்ளத்தில். துணி மேட்டை மட்டும் துடைத்துவிட்டுப் போகும். பள்ளத்துக்குள் போவது பிரஷ் முடிதான். முதல் நுரை செம்மண் நிறத்தில் வரும். அடுத்தது சாம்பல். அதற்கடுத்தது வெள்ளை. வெள்ளை நுரை வரும்வரை மாமா அடுத்த இடத்துக்குப் போக விடமாட்டார். நுரையை ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, பிழிந்த துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை. சோப்பு மிச்சமிருந்தால் அதுவே புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அந்தக் கடைசித் துடைப்பில் அவசரம் கூடாது.

துணி விஷயத்திலும் அவர் கறார். ஒர்க்‌ஷாப்பில் கிலோ கணக்கில் வாங்கிப் போட்டிருக்கும் பனியன் வேஸ்ட்டை அவர் உள்ளே விடமாட்டார். தையலும் எலாஸ்டிக்கும் எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியாது. தாத்தாவின் வேட்டி துவைத்துத் துவைத்து நைந்து போனதும் அது மாமாவின் வண்டிக்கு வந்துவிடும். இப்போது மைக்ரோஃபைபர் துணி எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, நல்ல துணிதான். கண்ணாடிக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் துடைத்த துணியில் கண்ணாடியைத் துடைத்தால் ராத்திரி எதிர்வெளிச்சத்தில் கண்ணாடி முழுக்கக் கோலம் தெரியும்.

குற்றாலத்து எண்ணெய்க்கு இந்த அளவு சோப்பு பத்தாது. நல்லெண்ணெய் மாதிரியான தாவர எண்ணெய் வெயிலிலும் காற்றிலும் பட்டுக்கொண்டே இருந்தால் ஆக்சிஜனை வாங்கிக் கெட்டியாகும். எண்ணெயாக இருப்பது பசையாகி, பசை வார்னிஷாகும். புதுசாக இருக்கும்போது துடைத்தால் ஒரு நிமிஷ வேலை. சீசன் முடியட்டும் என்று விட்டால் ஒரு பகல் வேலை. சோப்பை இன்னும் கொஞ்சம் கூட்டி, சூட்டையும் கூட்டி, நனைத்த துணியை அந்த இடத்தில் கொஞ்ச நேரம் போர்த்தி ஊறவைத்துப் பிறகு பிரஷ் போடுவோம். ஒரு தடவையில் போகாவிட்டால் மறுபடி ஊறவைக்க வேண்டியதுதான். பெயின்ட்டர்கள் வைத்திருக்கும் தின்னரை ஒரு துளி தொட்டால் சட்டென்று போய்விடுமே என்று கேட்காதவர்கள் இல்லை. எண்ணெய் போகும், கூடவே பிளாஸ்டிக்கின் மேல்பரப்பும் இளகி, வரி அழிந்து, அந்த இடம் மட்டும் வழவழவென்று தனியாகத் தெரியும். மீட்டருக்கு மேலே இருக்கும் கண்ணாடி உண்மையில் கண்ணாடியே கிடையாது, தெளிவான பிளாஸ்டிக். தின்னர் பட்டால் பால் படிந்தது போல மங்கிவிடும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரைக்கூட அதில் அடிக்காமலிருப்பது நல்லது.

மாமாவுக்கும் ஸ்டாண்டில் இருந்த மற்றவர்களுக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. எல்லார் வண்டி டாஷ்போர்டும் மினுங்கும். மாமாவின் வண்டியில் மட்டும் மங்கலாக இருக்கும். கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி. சிலர் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தேய்ப்பார்கள். சிலர் டீசலைத் தொட்டுத் துடைப்பார்கள். கொஞ்சம் காசு புரண்டவர்கள் டயருக்கு அடிக்கிற பாலீஷையே உள்ளேயும் அடிப்பார்கள். பளபளவென்று இருந்தால்தான் வண்டி நல்ல வண்டி என்று வாடகைக்கு எடுப்பவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் மாமாவுக்குச் சவாரி போனதும் உண்டு.

"மினுங்கணும்னா முன் கண்ணாடியத் தொடைங்க மாப்ள. டாஷ்போர்டு மினுங்குனா எதுக்க வாரவன் எப்படித் தெரிவான்?" என்று அவர் கேட்பார்.

இது அவர் கண்ணால் கண்டு சொன்னது. பொதிகையைப் பிடிக்க எங்கள் ஊரிலிருந்து சாயங்காலம் கிளம்பினால் தென்காசி போய்ச் சேரும்வரை சூரியன் நேர் எதிரே. மலைக்குப் பின்னால் இறங்குவதற்கு முன் அந்த வெயில் முன் கண்ணாடி வழியாக டாஷ்போர்டில் விழும். மங்கலான பரப்பு அதை எல்லாத் திசைக்கும் சிதறடித்துவிடும். மினுங்குகிற பரப்பு அப்படியே திருப்பி அடிக்கும். திருப்பியடித்த வெளிச்சம் முன் கண்ணாடியின் உள்பக்கத்தில் போய் டாஷ்போர்டின் பிம்பமாக நிற்கும். சாலையையும் சாலையில் வருகிற மாட்டு வண்டியையும் அந்தப் பிம்பத்தின் ஊடாகத்தான் பார்க்க வேண்டும். கார் செய்பவர்கள் டாஷ்போர்டின் மேல்பக்கத்தைக் கறுப்பாகவோ அடர் சாம்பலாகவோ, பளபளப்பு அடங்கியதாகச் செய்வதற்கு இது முக்கியமான காரணம். அவர்கள் யோசித்துப் பளபளப்பைக் குறைத்து அனுப்பியதை நாம் காசு கொடுத்து ஏற்றுகிறோம். எனக்கு இதில் இன்றும் கோபம் வரும்.

தேங்காய் எண்ணெயின் கதையைச் சொல்லவே வேண்டாம்; இரண்டு நாளில் புழுதியைப் பூசிக்கொண்டு, ஒரு வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். ரெக்சின் மாதிரியான பி.வி.சி. பரப்புகளில் அது இன்னும் கெடுதல். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை வளைகிற மாதிரி வைத்திருப்பது உள்ளே கலந்திருக்கும் இளக்கிகள். வெயில் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக்கும். மூடிய காரின் முன் கண்ணாடிக்கு உள்பக்கம் மெல்லிய பனிப்படலம் கட்டுவதில் அந்த ஆவிக்கும் பங்கு உண்டு. மேலே எண்ணெய் நின்றால் அதுவும் தன் பங்குக்கு இளக்கியை உறிஞ்சிக்கொள்ளும். போனது திரும்பாது. மாமாவின் அம்பாசிடரில் கதவு ரெக்சின் மூலைகளில் விறைத்து வெடித்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் வாங்குவதற்கு முன் அதை வைத்திருந்தவர் எண்ணெய் போட்டுப் போட்டு மினுக்கியவர்.

கடையில் விற்கும் டாஷ்போர்டு பாலீஷ்கள் எல்லாமே மோசம் என்று மாமாவைப் போல நான் ஒதுக்கிவிட மாட்டேன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை சிலிகான் எண்ணெய். சிலிகான் தன்னளவில் பிளாஸ்டிக்கைத் தின்னாது. அதை எதில் கரைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மண்ணெண்ணெய் வாடை வந்தால் பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்தது. அது உள்ளே வேண்டாம். பால் மாதிரி வெள்ளையாக, வாடையில்லாமல் இருந்தால் தண்ணீரில் கலந்தது. அதில் மங்கலாக நிற்கும் வகையாகப் பார்த்து எடுக்கலாம். டாஷ்போர்டில் நேரே அடிக்கக் கூடாது, துணியில் எடுத்துப் பூச வேண்டும். சில நிமிஷம் விட்டு, மிச்சத்தைக் காய்ந்த துணியால் முழுக்க எடுத்துவிட வேண்டும். விரலால் தொட்டால் எதுவும் ஒட்டக் கூடாது. ஸ்டீயரிங்கிலும் பிரேக், கிளட்ச் பெடல்களிலும் கியர் கட்டையிலும் ஒரு பொட்டுக்கூடப் படக் கூடாது. மலைப்பாதையில் பிரேக் மிதிக்கும்போது கால் வழுக்கினால் என்ன ஆகும் என்பதை ஆரியங்காவு இறக்கத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தென்காசியில் டிங்கரிங், பெயின்டிங் செய்பவர்களுக்கும் சிலிகான் என்றாலே ஆகாது. ஒரு துளி பட்ட தகரத்தில் புது பெயின்ட் பிடிக்காமல் அங்கங்கே ஒதுங்கிக் குழி விழும்.

எந்தப் பாலீஷை விடவும் பெரியது நிழல். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. மே 4 முதல் நடைமுறை. கத்திரி வெயில் தொடங்குகிற அதே வேளை. பக்கவாட்டுக் கண்ணாடி குறைந்தது 50 சதவீதம், முன்னும் பின்னும் 70 சதவீதம் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதி. அதற்கு மேல் எதுவும் ஒட்டக் கூடாது என்று நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. மாமாவும் வெந்நீரும் பிளேடுமாக உட்கார்ந்து சுரண்டி எடுத்தார். சட்டத்தின் நியாயம் அவருக்குப் புரிந்தது. ஆனால் அந்தக் கோடையிலிருந்து அவர் வண்டியின் கதவுகளில், கண்ணாடி இறங்குகிற விளிம்பை ஒட்டி, பிளாஸ்டிக் வெளுக்கத் தொடங்கியது. டாஷ்போர்டு அவ்வளவு வெளுக்கவில்லை. ஏன் இந்த வித்தியாசம் என்று அவர் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு படித்தபோது விடை கிடைத்தது. முன் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. அந்த ஏடு புற ஊதாக் கதிரை அநேகமாக முழுக்கத் தடுத்துவிடும். பக்கவாட்டுக் கண்ணாடி பெரும்பாலான கார்களில் வெறும் கடினக் கண்ணாடிதான். நீண்ட அலைநீளப் புற ஊதாவில் கணிசமானதை அது உள்ளே விட்டுவிடும். காருக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு பாலிப்ரொப்பிலீன். 1954இல் இத்தாலியில் ஜூலியோ நாட்டா உருவாக்கி, அதற்காக 1963இல் கார்ல் ஸீக்லருடன் நோபல் பரிசு வாங்கியது. லேசானது, மலிவானது, எண்ணெய்க்கும் சோப்புக்கும் அசையாதது. புற ஊதாதான் அதன் எதிரி. நீளமான மூலக்கூற்றுச் சங்கிலியை அது அறுத்துக்கொண்டே போகும். மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்து, வெளிச்சம் அதில் சிதறி வெள்ளையாகத் தெரியும். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தால் அது போகாது. பாலீஷ் போட்டால் வெடிப்புகளை நிரப்பிக் கொஞ்ச நாள் கறுப்பாகக் காட்டும், அவ்வளவுதான். கறுப்புப் பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் கார்பன் தூள் புற ஊதாவைத் தானே வாங்கிக்கொள்வதால் வெளிர் நிறத்தைவிட அது கூடுதல் நாள் தாங்கும்.

டாஷ்போர்டுக்கு வரும் ஆபத்து சூட்டால். அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் கோடையில் கார்களை வெயிலில் நிறுத்தி அளந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரத்துக்குள் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தது. ஸ்டீயரிங் 53, சீட் 51. சூரியகாந்தி வயலோரம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படம் எடுக்கப் போகிறவர்கள் இந்த எண்களை நினைத்துக்கொள்ள வேண்டும். முன் கண்ணாடிக்குள் ஒரு வெயில் மறைப்பு, இல்லாவிட்டால் டாஷ்போர்டின் மேல் ஒரு வெள்ளைத் துண்டு, பாதுகாப்பான இடமென்றால் கண்ணாடியை விரற்கடை இறக்கி வைப்பது, இவ்வளவு போதும். மாமா புளியமர நிழலைத் தேடி அரை கிலோமீட்டர் கூட நடப்பார்.

குற்றாலத்தில் சாரல் நின்ற பிறகு எங்களுக்கு இன்னொரு சீசன் உண்டு. கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை மகர ஜோதி வரை செங்கோட்டை வழியாக ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். அந்த நாட்களில் மாமாவின் வண்டிக்குள் எண்ணெய்க்குப் பதில் நெய். இருமுடியில் வைத்த நெய்த்தேங்காயின் கண்ணை அடைத்த தக்கை சற்றுத் தளர்ந்தாலே ஆரியங்காவு வளைவுகளில் கசிந்து கதவின் பைக்குள் இறங்கிவிடும். மார்கழி விடியற்காலையில் நெய் உறைந்திருக்கும், அதுவே எடுப்பதற்குச் சரியான நேரம். தீர்ந்துபோன ரீசார்ஜ் கார்டின் ஓரத்தால் மெதுவாக வழித்தெடுத்துவிட்டால் சோப்புக்கு மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். வெயில் ஏறி உருகிய பிறகு கை வைத்தால் நெய் இடுக்கெல்லாம் ஓடிவிடும். விபூதிக்குத் துணி ஆகாது. நுரைக்குக்கூட அவசரப்படக் கூடாது. ஈரம் பட்டால் குழம்பாகி வரிகளுக்குள் அப்பிக்கொள்ளும். காய்ந்த பிரஷால் தட்டித் தட்டி எடுப்பதுதான் வழி. சாமி வண்டி என்பதால் மாமா இந்த நாட்களில் தானே துடைப்பார். என்னைத் தொட விடமாட்டார், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

2020 வந்தபோது நான் சொந்தமாகக் கார் ஓட்டத் தொடங்கியிருந்தேன். ஊரடங்கு தளர்ந்து வாடகை வண்டிகள் ஓடத் தொடங்கியதும் ஏறுகிறவர்கள் எல்லாரும் சானிட்டைசரைக் கையில் வைத்துக்கொண்டு கதவு, பிடி, சுவிட்ச், டாஷ்போர்டு எல்லாவற்றிலும் அடித்தார்கள். உயிர்ப் பயம், யாரையும் குறை சொல்ல முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவையில் 80 சதவீதம் எத்தனால், அல்லது 75 சதவீதம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். பாலிப்ரொப்பிலீன் அதைத் தாங்கிவிடும். மேலே பெயின்ட் மாதிரிப் பூச்சு கொடுத்த பாகங்கள் தாங்காது. ஸ்டீயரிங் தோலின் பூச்சு, சுவிட்சின் எழுத்து, ஏ.சி. குமிழ்கள் எல்லாம் அந்த வருஷத்தில் திட்டுத் திட்டாகப் போயின. சோப்புத் தண்ணீர்த் துணியே கிருமிக்குப் போதும் என்று மாமா ஒவ்வொருவரிடமும் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்.

அதே ஆல்கஹால் வேறோர் இடத்தில் எனக்குக் கைகொடுத்தது. உறவினர் ஒருவரின் பழைய காரில் ஏ.சி. குமிழ்களும் கதவுச் சுவிட்சுகளும் விரல் வைத்தால் பிடித்துக்கொள்கிற அளவுக்குப் பிசுபிசுத்தன. எண்ணெய்தான் என்று எண்ணி அவர் சோப்புப் போட்டுக்கொண்டே இருந்தார். அது எண்ணெய் இல்லை. தொட்டால் ரப்பர் போல மெத்தென்று இருக்க வேண்டும் என்று சில பாகங்களுக்குப் பாலியுரேத்தேன் பூச்சு கொடுப்பார்கள். வருஷக் கணக்கில் காற்றின் ஈரத்தை வாங்கி அந்தப் பூச்சே சிதைந்து பசையாகிவிடும். எங்கள் பக்கம் போல நாலு மாதம் ஈரக்காற்று அடிக்கிற ஊரில் கேட்கவே வேண்டாம். சிதைந்த பூச்சைப் பழையபடி ஆக்க முடியாது, முழுக்க எடுத்துவிடத்தான் முடியும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் தேய்க்கத் தேய்க்கக் கறுப்புப் பசை உருண்டு வந்து, அடியிலிருந்து சுத்தமான கடினப் பிளாஸ்டிக் வெளிப்பட்டது. அச்சடித்த குறிகளும் கூடவே போய்விடலாம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். இரண்டு குறி போயின. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விரல் ஒட்டாமல் ஏ.சி. திருப்ப முடிந்ததே அவருக்குப் பெரிய விஷயம்.

என் காரில் டாஷ்போர்டின் இடது பக்கம் எதுவும் ஒட்டாமல் வைத்திருக்கிறேன். முன்சீட்டில் இருவருக்கும் ஏர்பேக் வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரலில் புதிய மாடல்களுக்கு வந்தது. அந்த மூடிக்கு மேலே பிள்ளையார் சிலையை டபுள் டேப் போட்டு ஒட்டினால், பை விரிகிற வேகத்தில் அது நேரே உட்கார்ந்திருப்பவர் முகத்துக்குத்தான் வரும். அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. இலஞ்சிக் குமாரர் படத்தை நடுவில், ரேடியோவுக்குக் கீழே சின்னதாக மாட்டித் தந்த பிறகு சரி என்றாள். பழைய டேப்பின் பசையை எடுக்கத்தான் தேங்காய் எண்ணெய் உதவியது. நாலு சொட்டு விட்டு ஊறவைத்தால் பசை இளகிவிடும். உருட்டி எடுத்துவிட்டு, பின்னாலேயே சோப்பு நுரையால் எண்ணெயையும் எடுத்துவிட வேண்டும்.

போன ஆடியில் அந்நியன் பாறைப் பக்கம் காரை நிறுத்தியிருந்தேன். பக்கத்தில் கேரள எண் போட்ட ஒரு வண்டி. அதன் சொந்தக்காரர் என் டாஷ்போர்டை எட்டிப் பார்த்துவிட்டு, என்ன பாலீஷ் போடுகிறீர்கள், இவ்வளவு புதுசாக இருக்கிறதே என்று கேட்டார். சோப்பு நுரை, டூத் பிரஷ், நைந்த வேட்டி என்று சொன்னேன். அவர் வண்டியில் ஸ்டீயரிங்கின் அடிப்பக்கமும் கதவுப் பிடியும் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தன. பிளாஸ்டிக்கைப் பூசணம் தின்பதில்லை. மேலே படிந்த எண்ணெயையும் வியர்வையையும் தின்கிறது, குடிக்கத் தண்ணீருக்கு வண்டிக்குள் நிற்கும் ஈரத்தை நம்பியிருக்கிறது. வினிகரில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டு, துணியில் தொட்டுத் துடைத்து, சோப்பு நுரை போட்டு எடுத்து, கதவையெல்லாம் திறந்து நிழற்காற்றில் உலர்த்தச் சொன்னேன். பெல்ட்டில் இருந்தால் சோப்பு மட்டும், பிளீச்சிங் தொடவே வேண்டாம், நூல் பலமிழந்துவிடும் என்றேன். அவர் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டார். பின்சீட்டில் பழைய குற்றாலத்தில் நனைந்த துண்டுகள் சுருட்டியபடி கிடந்தன. "முதல்ல அதையெல்லாம் வெளிய எடுத்துக் காயப்போடுங்க சேட்டா. போறப்ப ஏ.சி. போட்டுட்டே போங்க, வெளிக்காத்து உள்ள வர்ற மாதிரி வச்சிட்டு" என்றேன். அவர் மனைவி அப்போதே துண்டுகளை எடுத்து வரப்போரத்து வேலிக்கம்பியில் விரிக்கத் தொடங்கினார்.